நிறுத்தாமல் விதிக்கும் அபராதம் அறமாகுமா?

இன்று போக்குவரத்துக் காவலர் வண்டியை மறிக்காமலே அபராதம் விதிக்க முடிகிறது. சிக்னலில் உள்ள கேமரா பதிவெண்ணைப் படித்துவிடும். உரிமையாளரின் கைபேசிக்கு இ-சலான் வந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 136ஏ பிரிவு இத்தகைய மின்னணுக் கண்காணிப்புக்கு இடம் தந்தது. எதிரில் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவரைத் தண்டிப்பது அறமாகுமா? குற்றத்தைக் காணும் வேலையை இயந்திரத்திடம் விடலாம், விசாரிக்கும் பொறுப்பை விடக்கூடாது என்பதே என் முடிவு.

செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் நீதிக்கு இரண்டு தேவைகளைச் சேர்த்தே சொல்கிறார்: குற்றத்தை ஆராய வேண்டும், யாரிடமும் சாயக் கூடாது. இரண்டாவதில் கேமரா மனிதரை விஞ்சிவிடுகிறது. அதற்குச் சாதி தெரியாது, கட்சிக்கொடி தெரியாது, கையூட்டும் வாங்காது. ஏழையிடம் அதட்டலும் செல்வாக்குள்ளவரிடம் சலாமும் கண்டு சலித்த சமூகத்துக்கு இது சிறிய நன்மையல்ல. ஆனால் முதல் தேவை நிறைவேறுவதில்லை. எண் வண்டிக்கு உரியது, குற்றமோ ஓட்டியவருக்கு உரியது. விற்ற வண்டி பெயர் மாற்றப்படாமல் ஓடலாம். போலி எண்ணோடு வேறொரு வண்டி திரியலாம். ஜெர்மனியில் வேகமீறலுக்கு ஓட்டியவரே பொறுப்பு என்பதால் அங்குள்ள கேமராக்கள் முகத்தையும் படமெடுக்கின்றன. தண்டனை மறுபடி தவறு நேராமல் தடுக்க வேண்டும் என்பதும் வள்ளுவர் கருத்துதான். மாதங்கள் கழித்து வரும் சலான் எப்படித் திருத்தும்? அதற்குள் அதே தவறு பலமுறை நடந்திருக்கும். நோட்டீஸ் 15 நாளுக்குள் சேர வேண்டும், கேமரா இருப்பதை அறிவிக்கும் பலகை வேண்டும் என்று 2021-இல் வந்த 167ஏ விதி கூறியதன் நியாயம் இதுவே.

லட்சக்கணக்கான வண்டிகள் ஓடும் ஊரில் ஒவ்வொருவரையும் விசாரிக்க இயலுமா, ஓட்டியது யார் என்று உரிமையாளரே சொல்லட்டுமே என்று கேட்கலாம். 133-ஆவது பிரிவு அந்தக் கடமையை அவருக்குத் தருகிறது. பிரிட்டனில் உள்ள இத்தகைய கடமை மௌனம் காக்கும் உரிமையைப் பறிக்கிறது என்ற வழக்கில், வண்டி வைத்திருப்பவர் அதற்கான பொறுப்பையும் ஏற்றவரே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. இதை ஏற்கிறேன். எல்லாரையும் முன்கூட்டி விசாரிக்கத் தேவையில்லை. மறுப்பவரின் பதிலை ஒரு மனிதர் படித்து, படத்தோடு ஒப்பிட்டு, காரணம் சொல்லி முடிவெடுத்தால் போதும். சிறு தொகைக்கு இவ்வளவு எதற்கு என்பவர்கள், தலைக்கவசம் அணியாததற்கு 1,000 ரூபாயோடு மூன்று மாத உரிமத் தகுதியிழப்பையும் சட்டம் விதிக்கிறது என்பதை நினைக்க வேண்டும். ஓட்டிப் பிழைப்பவருக்கு அது மூன்று மாதச் சோறு. கேட்பார் இல்லாத அபராதம் சாலையைப் பயன்படுத்தத் தரும் கட்டணமாகச் சுருங்கிவிடும். பணமுள்ளவர் கட்டிவிட்டு மறுபடியும் மீறுவார். பதில் சொல்ல இடம் தரும் அபராதமே குடிமக்களை மனசாட்சி உள்ளவர்களாக மதிக்கிறது. அந்த மதிப்பு இருக்கும்வரை, நிறுத்தாமல் விதித்தாலும் அது நீதிதான்.