ஐந்தாவது பங்கு

அய்யா துணை



ஆர்.எஸ்.புரம் பகுதியில் படிப்பு உதவி செய்துவரும் நம் இளைஞர்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். "ஒவ்வொரு ஜூன் மாதமும் கடை கடையாக ஏறி வசூல் செய்கிறோம். கொடுக்கிற பெரியவர் இருக்கும்வரை வருகிறது. அவர் வைகுண்டம் போனபின் நோட்டில் அவர் பெயருக்கு நேரே கோடுதான். உயிலில் ஒரு பங்கு எழுதி வையுங்கள் என்று பெரியவர்களிடம் கேட்கலாமா? காணிக்கையே வேண்டாம் என்ற அய்யாவின் வழியில் இது தகுமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் காணிக்கைக்கு வருவோம்.

கோயிலில் பணத்தைக் கொடுத்துக் கடவுளின் தயவை வாங்கலாம் என்ற எண்ணத்தைத்தான் அய்யா அறுத்தார். தனக்கென்று எதையும் கேட்காதவர் அவர். ஆனால் தர்மம் செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. கீழே தள்ளப்பட்டவனைத் தூக்கி நிறுத்துவதுதான் அவர் நமக்கு வைத்த தர்மம். பதியிலும் தாங்கலிலும் நடக்கிற அன்னதர்மம் அய்யாவுக்குக் கொடுக்கிற கூலி அல்ல, பசித்தவனுக்குப் போகிற சோறு. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எழுதி வைக்கிற பங்கும் அந்தப் பந்தியில் சேர்ந்ததே. "எழுதி வைத்தால் எனக்கு மோட்சம்" என்று நினைத்து எழுதினால் மட்டும் அது காணிக்கையாகிவிடும். அந்த நினைப்பை வாசலில் விட்டுவிட்டு எழுதுங்கள்.

கொல்லம் 1008 மாசி 20-ஆம் நாள், அதாவது 1833-இல், அய்யா வைகுண்ட அவதாரம் எடுத்தார். 1851-இல் வைகுண்டம் சென்றார். நடுவே பதினெட்டு ஆண்டுகள். அந்தக் காலத்தில் தொடப்பட்ட முத்திரிக்கிணற்றில் இன்றைக்கும் நம் மக்கள் பதம் விட்டு, நீர் குடித்துப் பதிக்குள் போகிறார்கள். பொதுக்கிணற்றில் தண்ணீர் மொள்ள விடாத காலத்தில் எல்லாரும் ஒன்றாக மொள்ளும்படி அமைந்த கிணறு அது. தொடக்க காலத்து நிழல் தாங்கல்களில் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். அய்யாவின் தர்மம் அவர் உடலோடு நின்ற தர்மம் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி நாம் குடியிருக்கும் இந்தக் கோவையைப் பாருங்கள். நம்மில் பலர் தெற்கிலிருந்து வந்தவர்கள். மளிகைக்கடையில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாகக் கடை போட்டு, ஊரார் வாயால் "அண்ணாச்சி" என்று பெயர் வாங்கியவர்கள். நாம் வருவதற்கு முன்பே பீளமேட்டில் ஒரு காரியம் நடந்தது. பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவுக்கு நான்கு பிள்ளைகள். 1926-இல் குடும்பச் சொத்தைப் பிரிக்க உட்கார்ந்தபோது நான்காகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. இரண்டு லட்சத்து ஓராயிரம் ரூபாய். தர்மத்தையும் கூடப்பிறந்த ஒருவனாக வைத்து எண்ணினார்கள். பி.எஸ்.ஜி. அன் சன்ஸ் அறநிலையம் அப்படிப் பிறந்தது. 1947-இல் கலைக்கல்லூரி, 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரி, 1985-இல் மருத்துவக் கல்லூரி. அவினாசி சாலையில் பஸ்ஸில் போகிறபோது அந்தக் கட்டடங்களைப் பார்க்கிறோம். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போகிற வீடுகளை நாம் அறிவோம். அதே பாகப்பிரிவினையில் இது நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அது உயில் அல்ல, உயிரோடு இருக்கும்போதே பிரித்தது. உயிலுக்கும் ஒரு சேதி உண்டு, அது கொஞ்சம் கசப்பானது. சென்னையில் பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். தர்மத்துக்கென்று உயில் எழுதிவைத்துத்தான் போனார். ஆனால் பணம் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. பொறுப்பில் இருந்தவர்களின் சச்சரவு, வழக்கு, சுப்ரீம் கோர்ட் என்று ஆண்டுகள் ஓடின. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-இல். நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அய்யாவின் அவதாரமே அதற்குள் நடந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கல்வி நிலையத்தில் படித்துப் பயன்பெற்றவர்களுக்குக் கணக்கில்லை. என்றாலும் நடுவில் பிறந்து எழுத்தறியாமல் போன பிள்ளைகளுக்கு அந்த நாற்பத்தெட்டு ஆண்டை யார் திருப்பிக் கொடுப்பார்?

ஆகவே நல்ல மனசு மட்டும் போதாது மக்களே, எழுத்தும் சரியாக இருக்கவேண்டும்.

உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையொப்பம் இட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பம் இட வேண்டும். சொத்துப் பெறுகிறவரையே சாட்சியாக வைக்காதீர்கள், பின்னால் வம்பு வரும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நிம்மதி. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். நிறைவேற்றுகிறவர் யார் என்று ஒருவரைக் குறிப்பிடுங்கள், அவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். "தாங்கல் பிள்ளைகளுக்கு" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் எந்தத் தாங்கல், எந்தப் பிள்ளை என்று சண்டை வரும். அறக்கட்டளையின் பதிவான பெயர், பதிவு எண் இரண்டையும் எழுதுங்கள். வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அதனால் மட்டும் அவர் உரிமையாளர் ஆவதில்லை. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கு எவ்வளவோ அதைத்தான் எழுத முடியும். இதை ஒரு வக்கீலிடம் காட்டிக்கொள்வது நல்லது.

இளைஞர்களுக்கும் சொல்கிறேன். உயில் கேட்பதற்கு முன் கணக்கைக் காட்டுங்கள். அறக்கட்டளை பதிவாகியிருக்கிறதா, ஆண்டுக் கணக்கு தணிக்கை ஆகிறதா, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போயிற்று என்று நோட்டு இருக்கிறதா? இவை இல்லாமல் பெரியவர் வீட்டுப் படி ஏறாதீர்கள். நோயில் படுத்திருக்கிறவரிடம் உயில் பேச்சு எடுக்கவே எடுக்காதீர்கள். கேட்பதானால் அவர் திடமாக இருக்கும்போது, அவருடைய மகனையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் வாங்குகிற பங்கு தர்மமாகாது.

பெரியவர்களே, வீட்டில் மனைவிக்கும், கல்யாணம் ஆகாத பிள்ளைக்கும், நோயாளிக்கும் வழி செய்யாமல் ஊருக்கு எழுதாதீர்கள். தாழ்ந்து கிடக்கிறவர் வீட்டிலேயே இருந்தால் தர்மம் அங்கேதான் தொடங்கும். பெண்பிள்ளையின் பங்கைக் குறைத்துவிட்டு அந்தத் தொகையைத் தர்மம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அய்யாவின் ஏட்டை ஒருநாள் உட்கார்ந்து கேட்டவர் அதைச் செய்யமாட்டார். வழி செய்தபின் மிச்சம் இருக்குமானால் அதில் ஐந்தில் ஒன்றோ, இருபதில் ஒன்றோ, உங்கள் விருப்பம். தொகையாக எழுதினால் பின்னாளில் விலைவாசியில் அது கரைந்துபோகும். பங்காக எழுதினால் சொத்து ஏறும்போது அதுவும் ஏறும்.

"உயில் எழுதினால் சீக்கிரம் போய்விடுவோம்" என்று சிலர் பயப்படுகிறார்கள். திருநாமம் நெற்றியில் இட்ட மக்களுக்கு இந்தப் பயம் எதற்கு? நம் வழக்கப்படி வடக்கு நோக்கிப் பத்மாசனத்தில் அமர்த்தி மண்ணில் வைக்கும்போது மடியில் எதையும் கட்டி அனுப்புவதில்லை.

பெயர்ப்பலகை பற்றியும் கேட்டார்கள். டியூப்லைட்டில் "உபயம்" எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற வழக்கம் நமக்கு வேண்டாம். பள்ளியறையில் நாம் கும்பிடுவது கண்ணாடி. பெயரைப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் கணக்கு நோட்டில் ஒரு வரி போதும்.

வரும் தமிழ் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மம் ஆனபின், உயில் எழுதுவது பற்றி உட்கார்ந்து பேசலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாருங்கள், வளர்ந்த பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். இளைஞர்கள் மூன்று ஆண்டுக் கணக்கு நோட்டைக் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு யாரிடமும் கையொப்பம் வாங்கப்போவதில்லை.

அய்யா உண்டு!