மண்ணுக்குத் திரும்பும் மூர்த்தி

தெய்வத்துக்கு உருவம் சமைக்கும் சிற்பி, தன் படைப்பு எத்தனை காலம் நிலைத்திருக்க வேண்டும் என்று எண்ணத் தொடங்கும் கணத்திலேயே, கலையின் எல்லையைக் கடந்து சமயத்தின் எல்லைக்குள் பிரவேசித்துவிடுகிறான். நிலைபேறு ஈசுவரனுக்கு உரிய லட்சணம். அதைத் தன் கைவேலைக்கும் வேண்டி நிற்பவன், அந்த வேண்டுதலுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் ஆராயக் கடமைப்பட்டவன். மலையைப் பிளந்து எடுத்த கல்லும் சுரங்கத்திலிருந்து வந்த உலோகமும் நெடுங்காலம் நிற்கின்றன. ஏரி மண்ணால் ஆன பிரதிமையோ சில பருவமழைகளுக்குள் தளர்ந்து உதிர்கிறது. இவற்றுள் நிலைப்பதே உயர்ந்தது, அழிவது வசதியற்றவர்கள் செய்துகொள்ளும் பதிலி என்ற எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்திருக்கிறது. அது நம் சமயத்தின் தீர்ப்பு அன்று என்பதும், மண்ணை எடுத்து வேலை செய்து அதை மண்ணுக்கே திருப்பித் தரச் சம்மதிக்கும் சிற்பியின் தொழில் பூரணமான ஓர் ஆன்மிக சாதனை என்பதும் என் துணிபு.

இந்தக் கேள்வியை எழுப்புவதற்குக் கீழ்பென்னாத்தூரைப் போன்ற பொருத்தமான இடம் அரிது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், நெல்லும் மணிலாவும் விளையும் வயல்களுக்கும் மழையை நம்பிய ஏரிகளுக்கும் நடுவே அமைந்த அவ்வூருக்கு மேற்கே, இறைவனே மலையாக நிற்கிறான் என்று சைவர்கள் கொண்டாடும் அருணாசலம் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் 217 அடி உயர்ந்து, கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பட்ட ராஜகோபுரம் இருக்கிறது. அதற்கும் அப்பால், செங்கம் வட்டாரத்தில், போரில் மாண்ட வீரர்களுக்காகப் பல்லவர் காலத்திலிருந்து நாட்டப்பட்ட நடுகற்கள் இருக்கின்றன. கல்லின் பெருமையை இந்த நிலம் அறியும். ஆயினும் இதே நிலத்தின் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் மண்ணாலும் சுதையாலும் ஆன காவல் தெய்வங்கள் அமர்ந்திருப்பதையும், கார்த்திகை தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையில் மகாஜோதி எழும் அதே வேளையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மண் அகல்கள் எரிவதையும் காண்கிறோம். கல்லும் மண்ணும் இங்கே ஒன்றையொன்று விலக்காமல் ஒரே பக்தியின் இரு கரங்களாக இருந்துவருகின்றன.

ஆகம மரபைச் சற்று ஆராய்ந்தால், அழியும் பொருளுக்கு அது எத்தனை கௌரவம் அளித்திருக்கிறது என்பது புலப்படும். பூஜைக்கென அமைத்து, பூஜை முடிந்ததும் விட்டுவிடத்தக்க க்ஷணிக லிங்கம் என்ற வகையைச் சைவ நூல்கள் சொல்லுகின்றன; மணலும், ஆற்று மண்ணும், அரிசியும், அன்னமும், வெண்ணெயும், சந்தனமும், மலரும் அதற்கு உரிய திரவியங்களாகக் கூறப்படுகின்றன. காஞ்சியில் அம்பிகை கம்பையாற்று மணலால் பிடித்த லிங்கமே பிருதிவித் தலத்தின் மூலமூர்த்தி என்பது ஐதிகம். திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் திருமேனி சுதையால் ஆனதாதலின், நீர் அபிஷேகத்துக்குப் பதிலாகத் தைலக்காப்பே அதற்குச் சாத்தப்படுகிறது. பூரி ஜகந்நாதரின் வேப்பமரத் திருமேனியோ, அதிக ஆஷாட மாதம் வரும் ஆண்டுகளில் புதிதாகச் செய்யப்பட்டு, பழையது பூமிக்குள் அடக்கம் செய்யப்படுகிறது. 1996-லும் 2015-லும் அது நடந்தது. அண்ணாமலையார் கோயிலின் ராஜகோபுரத்திலேயேகூட, கல்லால் ஆனது கீழ்த்தளம். அதற்கு மேல் எழும் நிலைகள் செங்கல்லும் சுண்ணமும் சுதையுமாதலின், கும்பாபிஷேகந்தோறும் சிற்பிகள் அவற்றைப் பழுது பார்க்க வேண்டியிருக்கிறது. 2017 பிப்ரவரி 6-ஆம் நாள் அங்கே நடந்த கும்பாபிஷேகத்துக்கு முன்னும் அப்படியே திருப்பணி நடந்தது. ஆகவே நம் முன்னோர் கண்ட நிலைபேறு ஒரு பொருள் அழியாமல் கிடப்பது மட்டும் அன்று. மறுபடி மறுபடி செய்வதற்கு மனிதர்கள் அழியாமல் இருப்பதும் அதில் அடங்கும்.

இந்த உண்மையைத் தொழிலாகவே வாழ்ந்து காட்டுபவர்கள் சுடுமண் சிற்பிகள். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில், குயவர் மரபில் பிறந்து, சுடுமண் சிற்பத்துக்காக 2020-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற வி. கே. முனுசாமி கிருஷ்ணபக்தர் அத்தகையவர். தம் ஊர் மண்ணையே மூலப்பொருளாகக் கொண்டு தெய்வ உருவங்களும் ஐயனார் குதிரைகளும் செய்த அவர், கலையைத் தம் வீட்டுச் சொத்தாகப் பூட்டி வைக்காமல், பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்து, அது பலருடைய ஜீவனமாகவும் ஆகும்படி செய்தார். அறியப்பட்ட கலைஞர் ஒருவர் அறியப்படாத பலரை உருவாக்குவது, அவர் செய்த எந்தச் சிலைக்கும் குறைந்த சிருஷ்டி அன்று.

சுடுமண் சிற்பத்தின் கிரமமே ஒரு தத்துவ பாடம். ஏரியின் வண்டலைக் கொணர்ந்து, கல்லும் வேரும் நீக்கி, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதமாக்கி, குதிரையின் கால்களைக் குழல்களாக எழுப்பி, அவை இறுகும்வரை காத்திருந்து, பின் வயிற்றையும் கழுத்தையும் படிப்படியாக ஏற்றி, உள்ளே வெற்றிடம் விட்டு, நிழலில் பல நாள் உலர்த்தி, வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கிச் சுடுகிறார்கள். நிலம், நீர், காற்று, தீ ஆகிய நான்கும் இதில் தம் பங்கைச் செலுத்துகின்றன. உள்ளே விடும் வெற்றிடம் ஆகாசம். அது இல்லையேல் சூளையில் உருவம் வெடித்துவிடும். பிருதிவிக்குக் காஞ்சி, அப்புவுக்குத் திருவானைக்கா, தேயுவுக்கு அண்ணாமலை, வாயுவுக்குக் காளத்தி, ஆகாசத்துக்குத் தில்லை என்று ஐந்து க்ஷேத்திரங்களில் நாம் தனித்தனியே வணங்கும் பூதங்கள் ஒரு குயவரின் முற்றத்தில் ஒன்றுகூடுகின்றன. ஐந்தில் ஒன்றையேனும் வற்புறுத்தியோ அவசரப்படுத்தியோ வேலை வாங்க முடியாது. இயற்கையை ஆளுவது, இயற்கைக்கு இசைவது என்ற இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை எந்தப் பிரசங்கமும் இதைவிடத் தெளிவாகப் போதித்துவிடாது.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் வழங்கும் பிடிமண் என்ற வழக்கம் இந்தப் போதனையை இன்னும் ஒரு படி மேலே கொண்டு செல்லுகிறது. புரவி எடுப்புத் திருவிழா நடத்த ஊரார் தீர்மானித்ததும், தங்கள் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து, அதைக் குயவராகிய வேளாரிடம் முறைப்படி ஒப்படைக்கிறார்கள். அவர் அதைத் தம் மண்ணோடு சேர்த்துக் குதிரைகளைச் செய்கிறார். குறித்த நாளில் அவற்றை ஊர் கூடித் தோளில் சுமந்து ஐயனார் சந்நிதியில் சேர்க்கிறது. அதன்பின் அந்தக் குதிரைகளை எவரும் பாதுகாப்பதில்லை. மழையும் வெயிலும் அவற்றைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுகின்றன. இங்கே சிலை என்பது ஊர் தன் மண்ணைச் சிற்பியின் கைவழியே தெய்வத்துக்குக் கொடுத்து, காலத்தின் கைவழியே திரும்பப் பெறும் ஒரு கொடுக்கல் வாங்கல். பழைய குதிரை சிதைவதனாலேயே புதிய குதிரைக்குத் தேவை பிறக்கிறது. அதனால் சிற்பிக்கு வேலையும், அவர் மகனுக்கோ மகளுக்கோ பயிற்சியும், ஊருக்குக் கூடுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கின்றன. அழியாத குதிரையை ஒரே தடவை வார்த்து நிறுத்திவிட்ட ஊர், ஒரு தலைமுறையின் செல்வத்தால் அடுத்த பல தலைமுறைகளின் பங்கைப் பறித்துவிடுகிறது. அநித்தியம் துக்கத்துக்கு ஹேது என்று மட்டும் நாம் கேட்டிருக்கிறோம். அது சமுதாயத்தைப் பிணைக்கும் கயிறாகவும் இருக்கிறது.

இந்த உண்மைக்கு முற்றிலும் மாறான ஒன்றை விநாயக சதுர்த்திதோறும் காண்கிறோம். ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுமார் 150 பாகை வெப்பத்தில் வறுத்துப் பொடியாக்கிய பிளாஸ்டர் ஆஃப் பாரிசால், அச்சில் வார்த்து, ரசாயன வர்ணங்கள் பூசிய பிள்ளையார் உருவங்கள், நீரில் போட்டபின் எளிதில் கரையாமல் கை கால் முறிந்து கிடக்கின்றன. வர்ணங்களில் கலந்த கன உலோகங்கள் நீருக்குள் சேருகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் வழிமுறைகள் வகுத்து, 2020-இல் அவற்றைத் திருத்தி, இத்தகைய உருவங்களை விலக்கியது. 2023 செப்டம்பரில் இவ்விஷயம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தபோது, கரைப்பதற்குத்தான் தடை, விற்பதற்குத் தடை இல்லை என்று தனி நீதிபதி கருத, அடுத்த நாளே இரு நீதிபதிகள் அடங்கிய அமர்வு அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. சட்ட நுணுக்கம் எவ்வாறாயினும், அங்கே எழுந்த பிரச்சினை ஒரு தர்மப் பிரச்சினை: செய்தவன் தன் செய்கையின் முடிவுக்குப் பொறுப்பாளி அல்லன் என்று சொல்லலாமா? சாஸ்திரத்தில் ஆவாஹனமும் விசர்ஜனமும் ஒரே பூஜையின் தொடக்கமும் முடிவும் ஆகும். பூதங்கள் ஏற்றுக்கொள்ளாத உருவத்தை நீரில் இடுவது விசர்ஜனம் ஆகாது. குப்பையைத் தெய்வத்தின் பெயரால் எறிவதே ஆகும். விசர்ஜனத்துக்குத் தகுதியற்ற திரவியம் ஆவாஹனத்துக்கும் தகுதியற்றது என்று கொள்வதே நேர்மை.

மண்ணின் பக்கம் பேசுவோரும் சில கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். சுமார் 600 பாகைக்கு மேல் சுட்ட மண் மறுபடி களிமண் ஆவதில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் கீழடியின் ஓடுகளும் அதற்குச் சாட்சி. ஆதலால் நீரில் கரைய வேண்டிய பிள்ளையார் சுடாத மண்ணாகவே இருக்க வேண்டும். வெட்டவெளியில் நிற்க வேண்டிய குதிரை சுடப்படலாம், ஏனெனில் அதன் ஓடு மண்ணில் கிடந்தாலும் நஞ்சாவதில்லை. சூளைக்கு விறகு வேண்டும், புகையும் எழும் என்பதும் மெய். புதுச்சேரியில் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ரே மீக்கர் என்ற அமெரிக்கச் சிற்பி, பச்சை மண் கல்லால் வீடு கட்டி, அதனுள் பச்சைச் செங்கற்களையும் ஓடுகளையும் நிரப்பி, வீட்டையே சூளையாக்கிச் சுட்ட சோதனைகளை 1980-களிலும் 1990-களிலும் செய்தார். எரித்த தீ வீட்டையும் உறுதியாக்கியது, உள்ளிருந்த பொருள்களையும் விற்பனைக்கு ஆக்கித் தந்தது. தீயையும் சிக்கனமாகச் செலவிடும் சிந்தனை சிற்பிக்கு உண்டாக வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

மண்ணை எடுப்பதிலும் அளவு உண்டு. ஏரியில் தங்கிய வண்டலை அகற்றுவது ஏரிக்கு உபகாரம். அதனால் நீர் கொள்ளும் ஆழம் கூடுகிறது. குயவர்களும் விவசாயிகளும் அதைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகள் இடம் கொடுக்கின்றன. 2024-இல் அதற்கான அனுமதியை வட்டாட்சியரே வழங்கும்படி எளிதாக்கினார்கள். ஆனால் அந்தச் சலுகையின் நிழலில், வண்டலுக்குக் கீழேயுள்ள படுகையையும் தோண்டி வியாபாரம் செய்வது ஏரியின் அடிவயிற்றைக் கிழிப்பதாகும். வேண்டிய அளவு எடுப்பவன் சிற்பி; கிடைத்த அளவெல்லாம் எடுப்பவன் வியாபாரி. கல்லுக்கும் இந்த நியதியே பொருந்தும். கற்சிற்பத்தை நான் நிந்திக்கவில்லை. ஒரு கோயிலுக்கு வேண்டிய கல்லை, வேண்டிய அளவு, வணங்கி எடுத்த பழைய ஸ்தபதிகளின் விநயம், வெடிவைத்துக் குன்றுகளையே இல்லாமல் செய்யும் இந்நாளைய குவாரித் தொழிலுக்கு இல்லை என்பதே குறை. மலையையே சிவமாகக் கண்ட ஒரு ஜில்லாவில், பிற குன்றுகளுக்கும் அந்தப் புனிதத்தில் ஒரு பங்கு உண்டு என்று உணர்வது அதிகப்படியான பக்தி ஆகாது.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து ஊர்கள் இவ்விஷயத்தில் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை. மறந்ததை மீட்டால் போதும். தங்கள் ஏரியின் மண்ணையே தங்கள் பிள்ளையாருக்குக் கொடுக்கட்டும். அதை அச்சில் வார்க்காமல், அருகிலுள்ள குயவர் ஒருவரின் கையால் செய்விக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளை அவர் முற்றத்தில் உட்காரவைத்து, மண்ணைப் பிசையவும் உலரும்வரை பொறுத்திருக்கவும் பழக்கட்டும். சதுர்த்தி முடிந்ததும் அந்த உருவத்தை, மண் எடுத்த ஏரியிலேயே கரைக்கட்டும். இவ்வளவும் நடந்தால், ஏரியைத் தூர்வாரி வைத்திருக்க வேண்டிய அவசியம் ஊருக்கே விளங்கும். நீர் இல்லாத ஏரியில் எந்தத் தெய்வத்தையும் கரைக்க முடியாது அல்லவா? சுற்றுச்சூழலைக் காப்பது ஒரு நவீன சித்தாந்தம், அதைச் சமயத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவேண்டும் என்று எண்ணுவது பிழை. எடுத்ததைத் திருப்பிக் கொடு என்ற கட்டளை நம் பூஜை முறையின் நடுவிலேயே இருக்கிறது. அதைக் கையால் அனுஷ்டிப்பவன் மண் சிற்பி. தன் பெயர் நிற்க வேண்டும் என்ற ஆசையைத் துறந்து, தன் தொழில் நிற்க வேண்டும், தன் ஊர் நிற்க வேண்டும், அதன் ஏரி நிறைய வேண்டும் என்று விரும்பும் அவனுடைய வைராக்கியம், காவி உடுத்த எந்தத் துறவுக்கும் தாழ்ந்தது அன்று.