டிசம்பரை வைத்து உன்னை எடைபோடாதே!

இரவெல்லாம் பனி கொட்டிய மறுநாள் காலை. கனடாவின் எட்மன்டன் நகரில் கூரைமேல் சோலார் பேனல் வைத்திருப்பவர் கைப்பேசியைத் திறந்தால் உற்பத்திக் கணக்கில் நிற்பது பூஜ்யம். வயிறு எரிகிறது. போட்ட பணமெல்லாம் போச்சே என்று மனம் அடித்துக்கொள்கிறது. கால் தானாக ஏணியைத் தேடி ஓடுகிறது.

நில், தோழா! ஏணியைத் தொடாதே. முதலில் கணக்கைப் பார்.

அதே நகரில் வட ஆல்பர்ட்டா தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 'பனியைத் துடைக்க வேண்டுமா, வேண்டாமா?' என்ற கேள்விக்கு அவர்கள் அளந்து பார்த்தே பதில் சொன்னார்கள். 14 டிகிரி சாய்விலிருந்து செங்குத்தான 90 டிகிரி வரை ஆறு வகைச் சாய்வுகளில் பேனல்களை ஜோடி ஜோடியாக நிறுத்தினார்கள். ஜோடியில் ஒன்றைப் பனி விழும்போதெல்லாம் துடைத்தார்கள். மற்றதைத் தொடவே இல்லை. இப்படிப் பல ஆண்டுகள். துடைக்காமல் விட்டதில் எவ்வளவு நட்டம் தெரியுமா? சாய்வைப் பொறுத்து, ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 1 முதல் 5 சதவீதம். அவ்வளவுதான்! அதுவும் நவம்பரிலிருந்து மார்ச் வரை பனியோடு குடும்பம் நடத்துகிற ஊரில்!

எப்படி? டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெறும் 7.5 மணி நேரம். சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழும்பாமல் ஒதுங்கியே போய்விடும். பளிச்சென்று துடைத்து வைத்த பேனலும் அன்று பெரிதாகச் சம்பாதிக்கப் போவதில்லை. ஜூனில் பகல் 17 மணி நேரம். ஆண்டு விளைச்சலின் பெரும்பங்கு கோடையைச் சுற்றித்தான் கொட்டிக் கிடக்கிறது.

நீயோ உன்னை டிசம்பரில் வைத்து அளக்கிறாய்! ஒரு தேர்வு சறுக்கியது, ஒரு நேர்காணலில் கதவைச் சாத்தினார்கள், முதல் வியாபாரம் முதலைத் தின்றது. உடனே அன்றைய பூஜ்யத்தை ஆயுள் மதிப்பெண்ணாக நெற்றியில் எழுதிக்கொள்கிறாய். யார் கொடுத்தார்கள் உனக்கு அந்த அதிகாரத்தை? ஆண்டு முடியட்டும், கூட்டிப் பார்!

இன்னொன்றும் கேள். குளிரில் பேனல் செத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்மாறு! சிலிக்கன் பேனலுக்கு ஆகாதது சூடுதான். 25 டிகிரிக்கு மேல் சூடு ஏற ஏற, ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் 0.3, 0.4 சதவீதம் என்று குறைகிறது. குளிரில் அது கூடும். மார்ச் மாதத்தின் தெளிந்த பகலில், காற்று குளிர்ந்திருக்க, தரைப்பனியும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க, அந்தப் பேனல் வேலை செய்யும் வேகத்தைப் பார்க்க வேண்டும்!

சரி, அதுவரை கைகட்டி உட்காரச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. செய்ய முடிந்ததைச் செய்! தரையில் நின்றபடி, மென்மையான நுரைத்தலை வைத்த நீளக் கைப்பிடிப் பனிவாரியால் எட்டுகிற ஓரத்துப் பனியைத் தள்ளு. மேலிருந்து சரியும் பனி உன் தலைமேலேயே இறங்காதபடி விலகி நில். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதே. உலோக மண்வெட்டி வேண்டாம், கண்ணாடி கீறும். கொதிநீர் ஊற்றாதே, விரிசல் விடும். உப்புத் தூவாதே, சட்டத்தை அரிக்கும். உறைந்த பனிக்கட்டியைச் சுரண்டவே கூடாது.

ஓரத்துப் பனியைத் தள்ளியதும் உற்பத்தி எண் துள்ளிக் குதிக்காது. பேனலுக்குள் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், மூடிக் கிடக்கும் சில செல்களே மற்றவற்றின் ஓட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். பொறு! வெளியே தெரிந்த கருங்கண்ணாடி வெயிலை உறிஞ்சிச் சூடாகும். பனியின் அடிப்பரப்பு உருகும். சாய்வு போதுமானதாக இருந்தால், மீதிப் பனி தானே சறுக்கி விழும். நீ தொடங்கி வைத்ததை வெயில் முடித்து வைக்கும். முதல் நாள் பலன் தெரியவில்லை என்று எத்தனை பேர் பாதியில் வாரியை வீசிவிட்டுப் போகிறார்கள்!

'கூரைமேல் ஏறித் துடைக்காதவன் ஆம்பிளையா?' என்று உசுப்பேற்றும் மாமாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் அவர்கள் வந்து கஞ்சி காய்ச்சித் தர மாட்டார்கள். சில சதவீத மின்சாரத்துக்காக வழுக்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பது வீரமாகாது. கணக்குத் தெரியாத அவசரம் அது. தன்னம்பிக்கை உள்ளவனுக்கு எதை விட்டுவிடலாம் என்று தெரியும். விடுவதற்கு அவன் வெட்கப்படுவதில்லை.

உனக்கும் சில சதவீத இழப்புகள் வரும். வரட்டும்! அதற்காக உயிரைப் பணயம் வைக்காதே, உறக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதே. மிச்சம் 95 சதவீதம் உன் கையில் இருக்கிறது. அதற்கான வேலை என்னவென்று உனக்கே தெரியும். பாதியில் மூடிவைத்த பாடப்புத்தகமா, அனுப்பத் தயங்குகிற விண்ணப்பமா, எதுவாக இருந்தாலும் எடு. நாளைக்கு என்று சொல்லாதே, இன்று இரவே உட்கார்ந்து தொடங்கு!