ஏறிய படியிலிருந்து இறங்குதல்

ஒரு காரியாலயத்தின் கணினிகளில் எந்த எண் எந்த நாளில் எதற்கு வழங்கப்பட்டது என்று கணக்கு வைத்திருப்பது, கிராமத்துக் கர்ணம் அடங்கல் எழுதியதைப் போன்ற சலிப்பூட்டும் உத்தியோகம் என்றே வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பர். ஆனால், விண்டோஸ் சர்வர் 2012-இல் ஐ.பி. முகவரி நிர்வாகத்துக்கென்று வந்த ஐபாம் என்னும் அமைப்பை நிறுவ முற்படுகிறவர் தொடக்கத்திலேயே தெரிந்தெடுத்தாக வேண்டிய ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம், சந்நியாசத்தைக் குறித்து நம் வேதாந்த ஆசாரியர்கள் நடத்திய பழைய விசாரமொன்று என் நினைவுக்கு வருகிறது.

முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. சர்வர்களையும், பெயர்களைக் காக்கும் டி.என்.எஸ். சர்வர்களையும், டொமைன் கண்ட்ரோலர்களையும் ஐபாம் பார்வையிட வேண்டுமானால், அவை ஒவ்வொன்றும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும்: பயர்வாலில் வழி வேண்டும், உரிய குழுக்களில் அநுமதி வேண்டும், நிகழ்ச்சிப் பதிவேடுகளைப் படிக்கும் உரிமை வேண்டும். இவற்றையெல்லாம் நிர்வாகி ஒவ்வொரு சர்வராகச் சென்று தம் கையாலேயே செய்து முடிப்பது ஒரு முறை. மூன்று குரூப் பாலிசி ஆணைகளை டொமைனில் ஒரு தடவை பிறப்பித்துவிட்டு, நிர்வாகத்துக்கு உட்பட்டவை என்று தாம் குறித்த சர்வர்களிலெல்லாம் அவ்வாணைகளே காரியத்தை நிறைவேற்றும்படி விட்டுவிடுவது மற்றொரு முறை.

கைமுறையில் தொடங்கியவர் பின்னால் மனம் மாறினால், பவர்ஷெல்லில் ஒரு கட்டளையைக் கொடுத்து ஆணைமுறைக்கு மாறிக்கொள்ளலாம். ஆணைமுறையில் புகுந்தவருக்கோ கைமுறைக்குத் திரும்ப அத்தகைய கட்டளை இல்லை. ஐபாமையே முற்றிலும் அகற்றி, டொமைனில் தங்கிப்போன அம்மூன்று ஆணைகளையும் தேடி நீக்கி, முதலிலிருந்து நிறுவ வேண்டும்.

பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம், நான்காம் பாதத்தில் இதே பிரச்சினை எழுகிறது. துறவாசிரமத்தை அடைந்த ஒருவன், இல்லறத்தின்மீது மறுபடியும் ஆசை கொண்டோ, முன்னைய கர்மங்களை இன்னும் செவ்வையாகச் செய்ய விரும்பியோ, கீழிறங்கலாமா? இறங்கலாகாது என்பது சூத்திரகாரர் தீர்ப்பு. கர்மமே பிரதானமென்று அதே பாதத்தில் தம்மோடு வாதிட்ட ஜைமினியும் இவ்விஷயத்தில் உடன்படுவதாக அவர் கூறுவது கவனிக்கத்தக்கது. சங்கரர் காட்டும் நியாயமோ எளியது: பிரம்மசரியத்திலிருந்து இல்லறத்துக்கும், இல்லறத்திலிருந்து வனத்துக்கும், வனத்திலிருந்து துறவுக்கும் ஏறுவதற்குச் சுருதி வாக்கியம் உண்டு, இறங்குவதற்கு வாக்கியமும் இல்லை, சிஷ்டர்களின் ஆசாரமும் இல்லை. விரக்தி பிறந்த அன்றே எந்த ஆசிரமத்திலிருந்தும் புறப்படலாம் என்று ஜாபால உபநிஷத்து அநுமதிப்பதும் ஏறும் திசையில்தான்.

ஏன் இப்படி? கைமுறையில் இயங்குபவன், இல்லறத்தானைப் போல, ஒவ்வொரு செயலுக்கும் தானே கர்த்தாவாக நிற்கிறான். எந்தச் சர்வருக்கு எதைச் செய்தோம் என்பது அவனுக்குத் தெரியும், ஒன்றை மறந்தால் அந்த மறதியும் அவனுடையதே. ஆணைமுறையைக் கைக்கொண்டவனோ தன் கர்த்திருத்துவத்தையே ஒரு நியமத்தினிடம் ஒப்படைத்துவிட்டான். அதன்பின் காரியம் நடப்பது அவன் கையில் அன்று, அவன் நேரில் சென்று பார்த்திராத இடங்களில். ஆகவே, 'என் சங்கல்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று அவன் சொன்ன மாத்திரத்தில், அச்சங்கல்பம் உண்டாக்கிய விளைவுகள் அவனிடம் ஓடி வந்து அடங்கிவிடுவதில்லை. குயவன் கையை எடுத்த பின்னும் சக்கரம் சுழலுகிறதென்று பிராரப்தத்துக்கு வேதாந்திகள் சொல்லும் உவமையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆயினும், இறங்குவதற்குப் படி வைக்காத நியமம் கருணையுள்ளதாகுமா என்ற வினா என்னை நெடுநாள் வருத்தியதுண்டு. பௌத்த விநயம் வேறு விதமாக நினைத்தது: மேற்கொண்ட சிக்ஷையைத் தன்னால் தாங்க இயலாதென்று கண்ட பிக்ஷு, சொல்வதை அறியத்தக்க ஒருவர் முன்னிலையில் அதைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு இல்லறத்துக்குப் போகலாம்; சயாமிலும் பர்மாவிலும் இளைஞர்கள் சிறிது காலம் காவியுடுத்துப் பின் வீடு திரும்புவதை எவரும் இழிவாகக் கருதுவதில்லை. மனிதரைப் பொறுத்தமட்டில் பௌத்தரே என் நெஞ்சுக்கு உகந்தவர்கள். தளர்ச்சி பாபமாகாது, தளர்ந்தவனுக்குக் கதவை அடைப்பது தர்மமாகவும் ஆகாது.

ஆனால், இயந்திரத்துக்குத் தளர்ச்சி இல்லை. தளர்ச்சியும் அவசரமும் அதை இயக்குகிற நமக்குத்தான். நான் ஒரு சமயம் பணிபுரிந்த அலுவலகமொன்றில், இருபதுக்குக் குறைவான சர்வர்களே இருந்தும், அவற்றிலே பாதி வேறொரு பிரிவின் பொறுப்பில் இருப்பதை எவரும் ஆலோசியாமல், ஆணைமுறை ஒரே நாளில் தெரிந்தெடுக்கப்பட்டது; அதைக் கலைத்துக் கைமுறையில் மீண்டும் தொடங்க எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தில் நான் குறை கூறியது ஐபாமை அல்ல. முன்பின் ஆராயாமல் காவியுடுத்தவன் ஆசிரம தர்மத்தைக் குறை கூறுவது எவ்வாறு பொருந்தும்?

சர்வர்கள் பல, அவை யாவும் ஒரே பொறுப்பில் உள்ளவை, இனியும் பெருகப்போகின்றவை என்று நிச்சயமாக அறிந்தவர் ஆணைமுறையில் தயங்காமல் புகலாம். அந்நிச்சயம் இன்னும் ஏற்படாதவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: கைமுறையிலேயே தொடங்குங்கள். அங்கிருந்து மேலே ஏறும் படி எந்த நாளிலும் திறந்திருக்கிறது.