கழலும் கட்டு

சாலவாக்கத்தில், ஜல்லி லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் சாலையோரத்தில், புளியமரத்து நிழலையே பாதிக் கூரையாகக் கொண்ட ஒரு பட்டறையில், சென்ற பங்குனியில் மூன்று பகற்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. காரணம், என்னுடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-இல் தொடங்கிச் சுமார் பத்தாண்டுக் காலம், சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் செய்யப்பட்ட 948 சிசி வண்டி அது. முன்புறக் கூடு முழுவதும் முதலை வாயைப் போல முன்னோக்கித் திறந்துகொள்வதால், வேலை செய்கிறவர் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்து எஞ்சினோடு பேசலாம்.

வண்டியின் நோய் எளியதுதான். எஞ்சினிலிருந்து புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு என்னும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாயின் கேஸ்கட் ஒரு மூலையில் கருகி, அங்கே புகை கசிந்தது. புதுக் கேஸ்கட் போட மேனிபோல்டைக் கழற்ற வேண்டும், கழற்ற நட்டுகள் விட வேண்டும், அவை விடவில்லை. எப்போதோ ஏதோ ஒரு நகரத்துப் பட்டறையில், இருந்த பித்தளை நட்டுகளை எடுத்துவிட்டு, உறுதி என்று கருதி எஃகு நட்டுகளை முடுக்கியிருந்தார்கள். கேஸ் அனலில் சிவக்கக் காய்ச்சி, மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் பக்குவமாகத் தட்டியபின் மற்றவை ஒருவாறு இணங்கின. ஒன்று மட்டும், ஸ்பானர் திரும்பியதும் நட்டுதான் கழல்கிறது என்று நாங்கள் மகிழ்ந்த அந்தக் கணத்திலேயே, தான் ஏறியிருந்த ஸ்டட் என்னும் மரையாணியை இரண்டாக முறித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

“இது சூடு தின்னுற இடம் சார். இரும்பு மேல இரும்பப் போட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். பித்தளைன்னா புடிக்கவும் புடிக்கும், கேட்டா விடவும் விடும்” என்றார் மெக்கானிக்.

உலோக சாஸ்திரமும் அவர் பக்கமே நிற்கிறது. ஓடும்போது பல நூறு டிகிரி வரை காய்ந்து, நின்றபின் ஆறி, மழைநாளில் ஈரம் குடித்து நிற்கும் இடத்தில் எஃகு துருப்பிடிக்கும். துருவோ தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கொள்வது. எனவே மரைகளுக்கு நடுவிலிருந்த மயிரிழை வெளியையெல்லாம் அது நிரப்பி, ஆணியையும் நட்டையும் ஒரே கட்டியாக்கிவிடுகிறது. பித்தளைக்கு அந்தத் துரு இல்லை. தவிர, அது மெத்து உலோகம். கேடு வந்தால் தன் மரையைத் தான் இழக்கும், ஸ்டட்டின் மரையைக் காப்பாற்றிவிடும். பலம் குறைவு என்பதால்தான் அதனை வழக்கத்தைவிட உயரமாகக் கடைந்து, பிடிக்கும் மரைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். துருப்பிடிக்காத எவர்சில்வரைப் போடலாமே என்று நானும் கேட்டேன். அதே இனத்து ஸ்டட்டின் மேல் அது ஏறினால், துரு இல்லாமலேயே ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடுமாம். ஒரே ஜாதி உலோகத்துக்குள் உறவு சுமுகமாயிருக்கும் என்பது பட்டறையில் பொய்த்துப்போகிறது. நைலான் வளையம் வைத்த நட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த உஷ்ணத்தில் நைலான் உருகி ஓடிவிடும்.

பற்று என்னும் சொல் நம்முடைய ஞான நூல்களிலும், பற்றவைத்தல் என்று உலோகத்தைச் சேர்க்கும் தொழிலிலும் ஒருசேர வழங்குவது, அந்தப் புளியமரத்து நிழலில் எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. பற்றே துன்பத்துக்கு வித்து, ஆகவே பற்றை ஒழி என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அந்த நட்டு செய்த குற்றம் பற்றியதா, அல்லது விட மறுத்ததா? பற்றாத நட்டினால் யாருக்கு என்ன பிரயோசனம்? அது சாலையில் விழும், புகை கசியும், வண்டி நிற்கும். மரை கழன்றவன் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவனை ஒருவரும் துறவி என்று கும்பிடுவதில்லை.

இந்தச் சந்தேகத்துக்குப் பொருத்தமான சாட்சியம் கோயிலின் கருவறையிலேயே இருக்கிறது. இறைவனின் திருமேனியைப் பீடத்தோடு சேர்ப்பதற்கு நம் சிற்பிகள் ஈயம் காய்ச்சி ஊற்றி என்றைக்குமாக இறுக்கியிருக்கலாம். பொதுவழக்கோ அஷ்டபந்தனம்: கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் சேர்த்து, மெழுகுபோல் இளகும்வரை இடித்து, அந்த இளக்கத்தோடேயே பீடத்தின் சந்தில் சாத்துகிறார்கள். அது இறுகும், நாளாக நாளாக உலரும், பின் வெடிக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, பழைய மருந்தைச் சுரண்டி எடுத்துப் புதியதைச் சாத்துவது மரபு. கல்லைவிட மெத்தான ஒன்று கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நின்று தான் கெட்டு, இரு கற்களையும் கெடாமல் காக்கிறது. நித்தியப் பொருளை அநித்தியமான கட்டினால் கட்டிய அந்த மூதாதையர், கட்டுவதற்கு முன்பே அவிழ்ப்பதையும் எண்ணியிருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். அருகே உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைச் சாசனங்களும் வேறு துறையில் இதையே செய்தன. குடத்தில் இட்ட பெயரோலையால் தேர்ந்து ஊர்ச் சபையின் வாரியத்தில் அமர்ந்தவர் 360 நாளில் இறங்க வேண்டும். இறங்கியபின் மூன்றாண்டு கழியாமல் அவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. பதவி என்னும் நட்டு துருவேறுவதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பது அந்தச் சபையாருக்குத் தெரிந்திருந்தது!

சைவ சித்தாந்தம் படித்தவர் இங்கே என்னை மறிப்பார். பாசம் என்பது கடையில் பார்த்துப் பொறுக்கும் நட்டு அன்று. ஆணவம் செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியாகவே நிற்பது. அதைத் தேர்ந்தெடுக்க நீ யார் என்பார். நியாயந்தான். மூல மலத்தைப் பற்றி ஒரு மோட்டார் பட்டறை தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயினும், மனைவி மக்களிடத்தும் வீடு வாசலிடத்தும் நாம் நாள்தோறும் புதிதாக முடுக்கிக்கொள்ளும் கட்டுகள் இருக்கின்றனவே, அவற்றை எந்த உலோகத்தால் செய்துகொள்வது என்பதில் நமக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டென்றே நினைக்கிறேன். மகனைப் பிடித்து வைத்திருப்பதையே அன்பு என்று நம்பி, அவன் விலகும் நாளில் அவனையும் முறித்துத் தாமும் முறிந்த தகப்பன்மார்களை நான் கண்டிருக்கிறேன். எஃகு நட்டு போட்டவர்கள் அவர்கள்.

இரண்டாம் நாள், முறிந்த ஸ்டட்டின் மிச்சம் எஞ்சின் ஹெட்டோடு சமமாய் நின்றது. ஸ்பானர் பிடிக்க நுனி இல்லை. மெக்கானிக் அதன்மேல் ஒரு பழைய நட்டை வைத்து, நட்டின் துவாரத்துக்குள்ளேயே வெல்டிங் குச்சியை விட்டு, இரண்டையும் பற்றவைத்தார். சிவந்தது ஆறும்வரை பீடி ஒன்று பிடித்தார். பிறகு, அந்த நட்டை ஸ்பானரால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க, ஒட்டி நின்ற துண்டு கிறீச்சென்று முனகிக்கொண்டே சுற்றிச் சுற்றி வெளியே வந்தது. பற்றை விடுவதற்கு ஒரு பற்றையே பற்றச் சொல்லித் துறவு அதிகாரத்தை வள்ளுவர் முடித்திருப்பதை, சொல்லணி என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அது ஒரு தொழில் முறையும்கூட.

மூன்றாம் நாள் நட்டு தேடும் படலம். பட்டறையார் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. எனக்கு வேண்டியது இரண்டரை நூல், அதாவது 7.94 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பதெல்லாம் எட்டு மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முதற்சுற்று ஏறவும் ஏறும். மரையின் இடைவெளி வேறானதால் இரண்டாம் சுற்றில் இறுகி ஸ்டட்டைப் பாழாக்கும். கடைசியில் அவர் தம்முடைய பழைய பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, பச்சை பூத்த பித்தளை நட்டுகளைத் தேவைக்கேற்பப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் முதலில் விரலாலேயே கடைசி மரைவரை ஏற்றிப் பார்த்தார்.

ஸ்பானரைக் குட்டையாகப் பிடித்து, நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குமாக மாறி மாறி முடுக்கினார். இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்றேன். “போதும் சார். காஞ்சி ஆறட்டும், நாளைக்கு ஒரு தரம் பாத்துக்கலாம்” என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.