அயலார் ஆலயமும் நமது நற்காட்சியும்

அருகப் பெருமானை வணங்கும் சிராவகர் பிற சமயத்தாரின் ஆலயத்துள் புகலாமா என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. தோழியின் திருமணம் மாதா கோயிலில் நடைபெறுகின்றது. அலுவலக நண்பர் தர்காவிற்கு அழைக்கின்றார். கொச்சிக்குச் சுற்றுலா செல்லும் பிள்ளைகள் யூதர்களின் ஜெப ஆலயத்தைக் காண விழைகின்றனர். பெரியோர் சிலர், "நற்காட்சிக்குப் பழுது நேரும், வாயிலோடு நின்றுவிடு" என்கின்றனர். இளையோர் சிலர், "எங்கும் கைகூப்பினால் என்ன குறைந்துவிடும்?" என்கின்றனர். இவ்விரு கருத்துகளையும் அறநூல்களின் துணைகொண்டு ஆராய்தல் நம் கடமையாகும்.

நற்காட்சியை மாசுபடுத்தும் மூடங்கள் மூன்று: உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம். இவற்றுள் தேவ மூடம் இன்னதெனச் சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் தெளிவுற விளக்கியுள்ளார். வரம் பெறும் ஆசையால், விருப்பு வெறுப்புடைய தெய்வங்களை வழிபடுதலே தேவ மூடம் என்பது அவர் தரும் இலக்கணம். அச்சம், ஆசை, நேயம், உலோபம் ஆகிய நான்கினாலும் அத்தகைய தெய்வங்களை வணங்கலாகாது என்றும் அவர் விலக்குகின்றார். ஆகவே, குற்றம் என்பது வாயிலைக் கடக்கும் காலைச் சார்ந்ததன்று; வரம் வேண்டி ஏந்தும் கையைச் சார்ந்தது. அதே வேளையில், நட்பின் பொருட்டு, நம்பாததை நம்புவதுபோல் வணங்குதலும் தகாது. 'நேயம்' என்னும் ஒரு சொல் இளையோர்க்கு உரிய விடையாக நிற்கின்றது.

இந்நெறியைத் தமிழில் வாழ்ந்து காட்டியவர் கவுந்தியடிகள். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரை செல்லும் வழியில் மாங்காட்டு மறையவன் ஒருவன் திருமால் குன்றத்துப் பொய்கைகளின் பெருமையை உரைக்கின்றான். அவற்றுள் மூழ்குவோர் அரிய நூலறிவும், முற்பிறப்பை உணரும் ஆற்றலும், எண்ணிய யாவும் பெறுவர் என்கின்றான். வாய்மை வழுவாது உயிர்களைப் பேணுவோர்க்கு எய்த இயலாத பொருள் ஏதுமில்லை என்று கூறி, அவ்வரங்களை வேண்டாது விடுக்கின்றார் அடிகள். ஆயினும் அவனை இகழவில்லை. நீ விரும்பும் தெய்வத்தைக் கண்டு வணங்கச் செல்வாயாக, நாங்கள் எங்கள் வழியில் செல்கின்றோம் என்று இன்சொல்லால் விடை தருகின்றார். நம்மவர் எனப் போற்றப்படும் இளங்கோவடிகள், அந்நூலிலேயே கொற்றவை, திருமால், முருகன் வழிபாடுகளை அவரவர் அடியார் உள்ளத்தில் நின்று பாடியுள்ளமையும் நினையத்தக்கது. பிறர் வழிபாட்டை அறிதலால் நம் நற்காட்சி குன்றுவதாயின், அக்காப்பியம் தோன்றியிராது.

இனி, பிள்ளைகள் காண விழையும் ஜெப ஆலயத்தை நோக்குவோம். கொச்சி மட்டாஞ்சேரியில், மன்னரின் அரண்மனையை அடுத்து, 1568இல் கட்டப்பட்டது அது. குஜராத்தி ஜைனர்களின் தர்மநாதர் ஆலயமும் மட்டாஞ்சேரியிலேயே உள்ளது. ஜெப ஆலயத்தில் திருவுருவம் ஏதுமில்லை. தோரா என்னும் மறையின் சுருள்கள் பேழையில் வைத்துப் போற்றப்படுகின்றன. சுருத பஞ்சமியன்று ஆகம நூல்களைப் பூசிக்கும் நமக்கு அவ்வழக்கம் முற்றிலும் அயலானதன்று. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் யூதரிடையே பலிவழிபாடும் நின்றது. மறை ஓதுதலும் ஜெபமுமே நிலைத்தன. 1948க்குப் பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டனர். அங்கே பாதணி களைந்து அமைதியாக நிற்பதால் எந்த மூடமும் நேர்வதில்லை. பிற ஊர்களின் ஜெப ஆலயங்களில் ஆடவர் தலையை மறைக்குமாறு வேண்டுவர். அதற்கு இசைதல் விருந்தினர்க்குரிய பண்பே அன்றி வழிபாடன்று.

இவ்வினா யூதர்க்கும் உண்டு. வைதிகப் போக்குடைய யூத அறிஞருள் பலர், உருவங்கள் உள்ள வழிபாட்டிடங்களுள் புகுதலை விலக்குவர். உருவமற்ற மசூதியுள் புகுதலை ஏற்போர் அவருள் உளர். அத்தகைய ஒருவர் நம் திருமலைக்கு வந்து, சிகாமணிநாதர் சந்நிதியுள் வர மறுப்பாராயின், அதனை இகழ்ச்சி எனக் கொள்ளலாகாது. தம் நெறியில் உறுதியாய் நிற்கின்றார் என்றே கொள்ளல் வேண்டும். நாம் பிறர் ஆலயத்தில் வணங்காது நிற்கும்போது அவர்களிடம் எதிர்பார்ப்பதும் இதுவேயன்றோ?

எனவே பிள்ளைகளுக்கு நாம் கூற வேண்டுவது இதுதான்: சென்று காண்க, அவ்விடத்து ஒழுங்கைக் காக்க, ஐயங்களைப் பணிவுடன் வினவுக, எதனையும் வேண்டற்க, நம்பாததை நடியற்க. உயிர்ப்பலி நிகழும் இடமாயின், அங்குச் செல்லற்க.

இறுதியாக ஒன்று. ஆசாரியர் கூறிய இலக்கணத்தை அயலார் ஆலயத்திற்கு மட்டும் பொருத்துதல் நேர்மையாகாது. தேர்வில் வெற்றி, வழக்கில் வெற்றி, வணிகத்தில் இலாபம் என்று நம் ஜினாலயத்திலேயே யட்சியரிடம் நேர்ந்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே இல்லையா? சாசன தேவதையர்க்குரிய மதிப்பு வேறு. அவரிடம் வரம் இரத்தல் வேறு. பிள்ளையை ஜெப ஆலயத்தின் வாயிலில் தடுத்து நிறுத்தும் பெற்றோர், நம் ஆலயத்துள் தம் கை எதற்காக ஏந்தி நிற்கின்றது என்பதை முதலில் நோக்குவாராக. நற்காட்சிக்குரிய காவல் அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.