மூச்சுக்கு ஒரு வழி

வால்வு இல்லாத கொம்பில் எல்லாச் சுரமும் வராது. குழலின் நீளம் எவற்றுக்கு இடம் தருகிறதோ அவையே ஒலிக்கும். 1818இல் ஹைன்ரிஷ் ஸ்டோல்ட்செல், ஃபிரீட்ரிஷ் ப்ளூமெல் இருவரும் பிரஷ்யாவில் வால்வுக்குக் கூட்டாகக் காப்புரிமை பெற்றார்கள். விரல் அழுத்தினால் மூச்சு இன்னொரு வளையத்தையும் சுற்றி வரும், சுரம் இறங்கும்.

*

ஸ்டோல்ட்செல் வால்வு பொருத்திய பழைய கார்னெட்டில் காற்று பிஸ்டனின் அடிப்பக்கமாக வெளியேறுகிறது. பாதை குறுகல், திருப்பம் கூர்மை. வேகத்தோடு ஊதினால் இணங்காது. மூச்சைத் தணித்தால் பாடுகிறது. ஊதுபவரின் அவசரத்தை முதலில் கண்டுகொள்வது கருவிதான்.

*

லெயோபோல்ட் ஊல்மன் 1830இல் வியன்னாவில் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு பிஸ்டன்கள். இரண்டும் சேர்ந்தே நகரும். அழுத்தாதபோது காற்று தடையின்றி நேராகப் போகிறது. அழுத்தினால், மடை மாற்றியதும் வாய்க்கால் நீர் திரும்புவதுபோல ஒரு சுரம் அடுத்ததற்குள் வழிகிறது. வியன்னா பில்ஹார்மோனிக்கின் கொம்புக் கலைஞர்கள் இன்றும் இந்த வால்வு உள்ள கொம்பைத்தான் வாசிக்கிறார்கள்.

*

மூன்று வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது குழலின் நீளம் தேவையைவிடச் சற்றுக் குறைந்துபோகும், சுருதி ஏறும். அடோல்ஃப் சாக்ஸ் 1852இல் ஆறு தனித்தனி பிஸ்டன்களை வைத்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அழுத்தினால் போதும்; ஒவ்வொன்றும் தனக்குரிய நீளத்தைச் சரியாகத் தரும். கருவி கனத்தது, விலையும் ஏறியது. சுருதி மட்டும் சுத்தமாக நின்றது. அதற்காக இத்தனை பித்தளையை வளைத்த மனிதரை வணங்கத் தோன்றுகிறது.

*

வெப்பமும் ஈரமும் கலந்த மூச்சு பழைய பித்தளையை உள்ளிருந்து அரிக்கும். வாசிக்காமலே வைத்திருந்தால் வால்வு இறுகிப்போகும். ஆகவே கொஞ்ச நேரம் வாசிக்கிறேன்; பிறகு ஈரத்தை வடித்து, உலர்த்தி, எண்ணெய் இட்டு வைக்கிறேன். இந்த அளவறிதலும் வாசிப்பின் பகுதியே.

*

இன்றைய டிரம்பெட்டில் பெரும்பாலும் பெரினே என்பவர் வடிவமைத்த பிஸ்டன். ஆர்க்கெஸ்ட்ராக் கொம்பில் பெரும்பாலும் சுழல் வால்வு. மற்றவை பெரும்பாலும் வழக்கொழிந்தன. ஆனால் அவை தோற்றவை அல்ல. ஒவ்வொன்றும் மூச்சுக்கு வழிவிட ஒருவர் கண்ட விடை. அந்த விடைக்கே உரிய நாதம் அதில் இருக்கிறது.

இப்படி ஒரு பழைய கருவி உங்கள் கைக்கு வந்தால், இறுகிய வால்வைப் பலங்கொண்டு அசைக்காதீர்கள். பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள், செய்தவர் பொறித்த பெயர் அழிந்துவிடும். அறிந்த கைவினைஞரிடம் முதலில் காட்டுங்கள். பிறகு மெல்ல ஊதுங்கள்.